கோஷ்டிப் பூசல் அல்ல

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி தேர்தல் பற்றிய தங்கள் தலையங்கத்தில், ஒரே கட்சியினர் வெவ்வேறு வேட்பாளர்களுக்காக வாக்குக் கேட்பதைக் ‘கோஷ்டிப் பூசல்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நம்மூர் அரசியலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அங்கு வேட்பாளர் பட்டியலைத் தலைமை வெளியிடுவதில்லை. கட்சி ஆதரவாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, போட்டியாளருக்குத் துணை நிற்பது கட்சிக் கட்டுப்பாட்டை மீறுவது ஆகாது. 2008இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்காக ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஜனவரி முதல் ஜூன் வரை மோதினர், தலா 1.7 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றனர். கசப்பு இல்லாமல் இல்லை. இருந்தும் ஆகஸ்டில் டென்வர் நகரில் நடந்த கட்சி மாநாட்டில், வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவையே வேட்பாளராக அறிவிக்கும்படி முன்மொழிந்தவர் ஹிலாரிதான். அடுத்த ஆண்டு ஒபாமாவின் அரசில் அவர் வெளியுறவு அமைச்சரும் ஆனார்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் புல்வெளியில் கணவர் ஒபாமா பலகையை நட்டார்; மறுநாளே மனைவி அதன் அருகில் ஹிலாரி பலகையை, சற்று உயரமாகவே, நட்டார். பிப்ரவரி 5 அன்று அம்மாநிலத்தில் ஹிலாரி வென்றார். நவம்பரில் அத்தம்பதி ஒரே காரில் போய் ஒபாமாவுக்கு வாக்களித்துவிட்டு வந்தார்கள். இனி இத்தகைய செய்திகளில் யார் யாரைச் சாடினார் என்பதோடு, எந்த மாநிலத்தில் என்றைக்கு வாக்குப்பதிவு, வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகள் போட்டியாளர்களிடையே எப்படிப் பகிரப்படுகிறார்கள் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிடலாம்.

– ஒரு வாசகி, மதுரை