சூரியப் புயலும் நமது இணையமும்

ஆசிரியருக்கு,

சூரியப் புயலால் இணையமே அறுந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி யாரும் பதற வேண்டாம். சூரியன் வீசியெறியும் மின்னேற்றத் துகள்கள் புவியின் காந்தப்புலத்தைக் குலுக்குவதே இப்புயல். கடலடிக் கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஓடுவது ஒளி. புயல் அதைத் தொடாது. வழியெங்கும் ஏறத்தாழ 60 முதல் 100 கிலோமீற்றருக்கு ஒன்றாக ஒளிபெருக்கிகள் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கடத்தியில்தான், புவிக்காந்தம் குலுங்கும்போது, மிகை மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. கரையிலுள்ள மின்வழங்கி தன் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அதை ஈடுசெய்யும். அதன் எல்லையைத் தாண்டினால்தான் ஆபத்து.

நமக்குள்ள தொல்லை வேறு. இலங்கை, புவிக்காந்தத்தின் இரு துருவங்களுக்கும் நடுவே ஓடும் காந்த நடுக்கோட்டை அண்டியது. பொழுது சாய்ந்தபின், உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனமண்டலம் கலங்கினால் ஜீபீஎஸ் தடுமாறும். பகலில் சூரியச் சுடர் வெடித்தால் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் வந்துசேரும், சிற்றலை வானொலி அடங்கிப்போகும். இவ்விரண்டையும் நம்பி ஆழ்கடல் போகும் நெடுநாள் படகுகளில் காந்தத் திசைகாட்டி கட்டாயம் இருக்கவேண்டும். வானிலை அறிவித்தலோடு சூரியப் புயல் எச்சரிக்கையையும் தமிழிலும் சிங்களத்திலும் வானொலியில் சொன்னால் என்ன?

புயலின்போது துருவப் பகுதி இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியான துருவ ஒளிக்காகக் காலிமுகத்திடலில் காத்திருக்க வேண்டாம். 2024 மே மாதப் பெரும்புயலில்கூட நமக்கு வெகு வடக்கே, இந்தியாவின் லடாக்கிலுள்ள ஹான்லேயில் அடிவானச் சிவப்பாகத்தான் தெரிந்தது. 200 கிலோமீற்றருக்கு மேலே ஒட்சிசன் அணுக்கள் உமிழும் நிறம் அது.

தொலைத்தொடர்புப் பொறியியலாளர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06