செயலாளரின் ஆண்டறிக்கை: கல்லீயும் புதிய இனமொன்றை விபரிக்கும் முறையும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுச்சபைக்கு வருகை தந்துள்ள அங்கத்தவர்கள் அனைவருக்கும் எனது வணக்கத்தைத் தெரிவித்து, எமது சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை இங்கு சமர்ப்பிக்கிறேன். மாரி வெள்ளத்தால் வீதிகள் தடைப்பட்ட காலம் நீங்கலாக, போயா விடுமுறைதோறும் எமது கூட்டம் ஒழுங்காக நடைபெற்றது. கணக்குகளைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

புதிதாகக் கண்டறியப்பட்ட ஓர் உயிர் எவ்வாறு தனி இனமாக ஏற்கப்படுகிறது என்பதை, ஒரே பூச்சியை முன்வைத்து ஆண்டு முழுவதும் கற்பதென்று சென்ற பொதுச்சபை தீர்மானித்தது. அதற்குக் கல்லீயை, அதாவது ஆங்கிலத்தில் stonefly எனப்படும் பூச்சியை, தேர்ந்தபோது, வாவிக்கரையில் வாழும் நமக்கு மலையோடைப் பூச்சி எதற்கு என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். கல்லோயா ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து, சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தில் தேங்கி, அம்பாறை வயல்களுக்குப் பாய்கிறது. அந்த நீர் பிறக்குமிடத்தின் நலத்தை முதலில் உணர்த்தும் உயிர்களுள் கல்லீயும் ஒன்று என்பதே அவருக்கு நாம் அளித்த விடை.

பெயரைப் பற்றியும் விவாதம் எழுந்தது. ஈக்கு இரண்டு சிறகுகள், கல்லீக்கு நான்கு. ஓய்ந்திருக்கும்போது அவற்றை முதுகின்மேல் தட்டையாக மடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே இது ஈயன்று. பிளெக்கோப்டெரா என்னும் தனி வருணத்தை, அதாவது பூச்சி வகைப்பாட்டின் ஒரு பெரும்பிரிவை (order), சேர்ந்தது. எனினும் வேறு சொல் புனைவதைவிடக் கல்லீ என்றே வழங்குவது நன்று என முடிவாயிற்று.

செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைப் பக்கம் சென்ற களப்பயணமே இவ்வாண்டின் சிறந்த நாள் என்பது எனது கருத்து. தோட்ட நிருவாகத்தின் அனுமதியோடு ஓடையில் இறங்கி, கல்லொன்றைப் புரட்டியபோது அதன் அடிப்புறத்தில் தட்டையான இளம்பூச்சியொன்று ஒட்டியிருந்தது. வாலிழைகள் இரண்டு, ஒவ்வொரு பாதத்திலும் நகங்கள் இரண்டு, கால்கள் பொருந்துமிடத்தில் குஞ்சம் போன்ற செவுள்கள், அதாவது நமது பாடநூல் வழக்கில் பூக்கள். பெரும்பாலும் மூன்று வாலிழைகளும் பாதத்துக்கு ஒரே நகமும் கொண்ட, நீரில் வளரும் மற்றொரு பூச்சியான மே ஈயின் (mayfly) இளம்பூச்சியிலிருந்து இதைப் பிரித்தறிய இவ்வளவே போதும். வெள்ளைத் தட்டில் ஓடை நீருடன் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில், வெயிலில் நீர் சூடேறியதும் அது கால்களை ஊன்றி உடலை மேலும் கீழுமாக அசைக்கத் தொடங்கியது. எம்முடன் வந்த உயர்தர மாணவி ஒருவர், அது தண்டால் எடுக்கிறது என்றார். உண்மையில் அது மூச்சுக்குத் தவித்தது: 10 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும், 25 பாகையில் அது 8 மில்லிகிராமளவுக்குக் குறைந்துவிடும். தேங்கிய நீரில் அந்தக் குறைவை ஈடுசெய்யவே அது உடலசைத்துச் செவுள்களின்மேல் நீரை ஓடச் செய்கிறது. உடனே அதை ஓடையில் விட்டுக் கல்லையும் இருந்தபடியே வைத்தோம்.

இளம்பூச்சியைப் பார்த்து மட்டும் இனத்தை நிச்சயித்தல் பெரும்பாலும் இயலாது. ஆசியாவில் பரவலாகவுள்ள, எமது நாட்டிலும் வாழும் நியோபெர்லா என்னும் கல்லீச் சாதியில் (நெருங்கிய இனங்களை அடக்கிய பிரிவு, genus), தலையுச்சியில் தனிக்கண்கள் எனப்படும் எளிய சிறுகண்கள் மூன்றன்றி இரண்டே இருப்பது சாதியின் அடையாளம். இனத்தைப் பிரிப்பதற்கோ வளர்ந்த ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் முட்டையோட்டின் வடிவத்தையும் நுணுக்குக்காட்டியில் ஆராய வேண்டும். வேறுபாட்டைக் கண்டவர், முன்னர் விபரிக்கப்பட்ட நெருங்கிய இனங்கள் ஒவ்வொன்றுடனும் ஒப்பிட்டு எழுத வேண்டும். விலங்கியற் பெயரீட்டுக்கான சர்வதேச விதிக்கோவையின்படி, 1999ஆம் ஆண்டுக்குப் பின் வெளியாகும் இனப்பெயருக்கு, அப்பெயரைத் தாங்கும் மாதிரி, அதாவது அப்பெயருக்கு ஆதாரமான உயிரியின் உடல், எது என்பது வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். பிற்காலத்தில் எவருக்கேனும் ஐயம் எழுந்தால், எழுதியவரின் சொல்லுக்கு மேலாக அந்த மாதிரியே சாட்சி.

இங்கே எமது குறையொன்றையும் பதிவுசெய்ய வேண்டியவனாகிறேன். வீட்டு விளக்கடியில் விழுந்த பூச்சிகளை அங்கத்தவர்கள் நெடுநாளாகக் குப்பிகளில் சேர்த்து வந்தனர். அவற்றை ஒழுங்குபடுத்த எடுத்தபோது, குமிழ்முனைப் பேனாவால் எழுதிய சீட்டுகளின் மை, பூச்சிகளைப் பழுதாகாமல் வைக்க ஊற்றிய எதனோலில் கரைந்து, வெறும் நீலக்கறை படிந்த கடதாசிகளே எஞ்சியிருந்தன. பூச்சிகள் பழுதின்றி இருந்தும், எந்த இடம், எந்த நாள், யார் சேர்த்தது என்பது தெரியாமற்போனதால் ஆய்வுக்கு அவை பயன்படா. பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே இடும்படி முன்னரே அறிவுறுத்தாதது செயலாளரான எனது தவறு.

இவ்வாறு ஓரினத்தை விபரித்துப் பெயரிடுவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக் கல்லீயொன்றை எடுத்துக்கொண்டோம். பனிப்பாறை உருகிவரும் குளிர்நீரில் வாழும் லெட்னியா துமானா 1952இல் விபரிக்கப்பட்டது. பனிப்பாறைகள் சுருங்கிவந்ததால் 2019இல் அது அந்நாட்டுச் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகச் சேர்க்கப்பட்டது. பெயரும் விபரிப்பும் இல்லாத ஒரு பூச்சிக்காக எவரும் அவ்வாறு சட்டப் பாதுகாப்புக் கோரி வாதாடியிருக்க முடியாது.

வருமாண்டில் பதுளை ஓடைக்கு மீண்டும் செல்லவும், மாதிரி சேகரிப்பதாயின் உரிய திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறவும், வளர்ந்த பூச்சிகள் விளக்கொளிக்கு வருவதால் ஓரிரவு அங்கே தங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
மட்டக்களப்பு.