மாசி வீதிகளில் நடக்க இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேம்பாலங்கள் வந்துவிட்டால் மதுரையில் நெரிசல் தீர்ந்துவிடும், ஊர் வளர்ந்துவிடும் என்ற பேச்சை எங்கே போனாலும் கேட்கிறேன், உங்கள் பத்திரிகையிலும் அடிக்கடி படிக்கிறேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியிருக்கிற மாசி வீதிகளில் தெற்குமாசி வீதிப் பக்கம் ரவிக்கைத் துணி, லைனிங், சேலை ஃபால்ஸ், கொக்கி, நூல் விற்கிற சின்னக் கடை வைத்திருப்பவன் நான். கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது எப்படித் தெரிகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலத்தை 2023 ஏப்ரலில் திறந்தார்கள். நல்ல பாலம், அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நேரம் மிச்சமாகிறது. அதே ஆண்டு அக்டோபரில் கோரிப்பாளையத்தில் சுமார் 190 கோடி ரூபாய்ப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போகிற வழி அது. ஆனால் அந்தப் பாலத்தில் தமுக்கம் மைதானத்துப் பக்கம் ஏறுகிற வண்டி வைகை ஆற்றைத் தாண்டி நெல்பேட்டைப் பக்கம் இறங்கும் என்றால், இறங்கிய பிறகு எங்கே போகும்? கீழவெளி வீதி, கீழமாசி வீதி, விளக்குத்தூண் என்று டவுன் கடைவீதிக்குள்தான். அங்கே ஏற்கனவே ஆள் நடக்க இடமில்லை. பாலத்தில் சீக்கிரம் வந்து சேர்கிறவர்கள் டவுனுக்குள் நுழைந்ததும் நின்றுதானே ஆக வேண்டும்?

எங்கள் வியாபாரமே மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்துத் தையல்காரர்களையும் கல்யாண வீட்டுப் பெண்களையும் நம்பி நடப்பது. முகூர்த்த மாதம் வந்தால் எடுத்த சேலையை மஞ்சப்பையில் கொண்டுவந்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் விரித்து, துணியை மேலே வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். டியூப் லைட்டில் ஒரு மாதிரி தெரியும், வெயிலில் வேறு மாதிரி தெரியும், இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது வெளியே நின்று சேலையை விரிக்க ஓரடி இடம் கிடையாது. கடை வாசலை ஒட்டி பைக் வரிசை, அதை ஒட்டி லோடு இறக்கும் குட்டியானை வேன், அதற்கு அப்பால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிற ஆட்டோ. கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் உள்ளே வந்தால் போதும் என்று ஏறிவிடுகிறார்கள், அவசர அவசரமாக வாங்கிவிட்டு ஊருக்குப் போய்ப் பார்த்தால் கலர் சேரவில்லை என்று மறுபடி வருகிறார்கள், இல்லையென்றால் வருவதையே விட்டுவிடுகிறார்கள்.

வருஷக்கணக்காக எங்களிடம் வாங்குகிற மேலூர் தையல்கார அக்கா ஒருவர் இப்போது வாட்ஸ்அப்பில் சேலையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "தம்பி, இதுக்குச் சேர்ற மாதிரி அனுப்பி விட்டுருங்க, டவுனுக்குள்ள வந்து போனா ஒரு நாள் போயிருது" என்கிறார். போட்டோவில் அரக்கு என்று தெரிவது கையில் வாங்கினால் மெரூனாக இருக்கிறது. பாதித் துணி திரும்பி வருகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, சிம்மக்கல்லில் நின்று நின்று, அப்புறம் இந்தக் கூட்டத்தில் நடந்து வர யாருக்குத் தெம்பு இருக்கும்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் டவுனுக்கு வர நினைக்கிற பெண்கள் இன்னும் நிறையப் பேர் வரலாம். கடைசி ஒரு கிலோமீட்டர்தான் அவர்களைத் தடுக்கிறது. வண்டி நிறுத்த வசதியோடு பைபாஸ் ரோட்டிலும் எண்பதடி ரோட்டிலும் திறந்திருக்கிற கடைகளுக்கு, கார் வைத்திருக்கிறவர்கள் ஏற்கனவே போய்விட்டார்கள். பஸ்ஸில் வருகிறவர்களையும் விட்டுவிட்டால் இந்த வீதிகளில் யார் மிஞ்சுவார்கள்? கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள், மூட்டை தூக்குகிற அண்ணன்மார்கள், டீக்கடை என்று எத்தனை வீட்டு அடுப்பு இதை நம்பி எரிகிறது.

சாலையை அடைப்பது யார் என்று கேட்டால் உடனே தரைக்கடைக்காரர்களைக் கைகாட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களுக்கென்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது, விற்பனைக் குழு அமைத்து இடம் ஒதுக்க வேண்டியது மாநகராட்சியின் பொறுப்பு. காலை பத்து மணிக்குக் கடை திறக்கும்போது வந்து நிற்கிற பைக்குகளைப் பாருங்கள், ராத்திரி கடை அடைக்கிறவரை நகராது. அதில் பெரும்பாலானவை கடைக்காரர்களும் கடையில் வேலை பார்ப்பவர்களும் நிறுத்துகிற வண்டிகள். வாடிக்கையாளர் வண்டி அரை மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தை நம் வண்டி நாள் பூராவும் பிடித்துக்கொண்டால் நஷ்டம் யாருக்கு? வியாபாரிகள் சங்கக் கூட்டங்களில் இதை எடுத்துப் பேசினால் சிலர் கோபப்படுகிறார்கள். கோபப்பட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது லோடு. கீழமாசி வீதி பலசரக்கு மொத்தக் கடைகளுக்கும் கீழமாரட் வீதி வெங்காய மண்டிக்கும் சரக்கு வந்துதான் ஆக வேண்டும், அது நின்றால் மதுரைச் சமையலே நின்றுவிடும். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு, மாலை ஆறு மணிக்கு இறக்க வேண்டிய அவசியம் என்ன? காலை ஒன்பதுக்குள், இல்லை என்றால் ராத்திரி பத்துக்கு மேல் என்று நேரம் வைத்து அதைக் கறாராக நடத்த வேண்டும். சுமைப்பணித் தொழிலாளர்களுக்கு ராத்திரி வேலை என்றால் கூலி கூட்டிக் கொடுக்கத்தான் வேண்டும், அதை வியாபாரிகள்தான் ஏற்க வேண்டும்.

சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த வீதிகள் எவ்வளவு அகலம் என்பது அன்றைக்குத்தான் தெரிகிறது. அத்தனை பெரிய தேர் திரும்புகிற வீதியில் மற்ற நாளில் ஒரு ஆள் நேராக நடக்க முடியவில்லை! கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டி போவதைத் தடுத்தபோது வியாபாரம் போச்சு என்று பயந்தவர்கள் உண்டு. இன்றைக்கு அங்கே ஜனங்கள் நிம்மதியாக நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், வாங்குகிறார்கள். ஆனால் அங்கிருந்து தள்ளிய வண்டிகளுக்கு மாற்று வழி சரியாக யோசிக்காததால் அவை ஆவணி மூல வீதியிலும் மாசி வீதியிலும் வந்து தேங்கின. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இடத்தில் பல்லடுக்கு வாகனக் காப்பகம் கட்டியிருக்கிறார்கள், பெரியார் பஸ் ஸ்டாண்டிலும் இடம் இருக்கிறது. அங்கே வண்டியை விட்டவர் தெற்குமாசி வீதிக்கு வர என்ன வழி?

மெட்ரோ வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதற்காகப் போராடுவோம், ஆனால் அது வருகிறவரை காத்திருந்தால் பாதிக் கடை இருக்காது. நான்கு வெளி வீதிகளையும் சுற்றி, பெரியார், சிம்மக்கல், தெற்குவாசல் தொட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று சின்னப் பஸ் விடுவதற்குப் பாலமும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம்.

தீபாவளிக் கூட்டத்தில் போலீசார் எப்படியும் விளக்குத்தூண் பக்கம் வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். அதையே கூட்டம் குறைந்த ஒரு மாதத்தில், விளக்குத்தூணிலிருந்து தெற்குமாசி வீதி நெடுக, காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பதுவரை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்து பார்க்கட்டும். வியாபாரிகள், தரைக்கடைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் முதலில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசட்டும். மாநகராட்சியும் போக்குவரத்துப் போலீசும் நாள் குறித்தால் எங்கள் வரிசையில் இருக்கிற கடைக்காரர்களை அழைத்துக்கொண்டு வர நான் தயார்.

இப்படிக்கு,
தெற்குமாசி வீதி ஜவுளிச் சில்லறை வியாபாரி,
மதுரை.