முள் தயாராக இருக்கட்டும், அப்பா

ட்ராய், மிச்சிகன்
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பாப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். சோழவந்தானில் நீங்கள், அம்மா, அப்பத்தா எல்லோரும் நலமா? போனில் தினமும்தான் பேசுகிறோம். ஆனாலும் கடிதமாக எழுதினால் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படிப்பீர்கள். அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. டிசம்பரில் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊரில் அந்த நேரத்தில்தான் ஆள் நடமாட்டமே ஆரம்பிக்கும். இங்கே கதவைச் சாத்தினால் மறுநாள் காலைதான் திறப்போம். வந்த முதல் குளிர்காலத்தில் நான் ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன், உங்கள் மாப்பிள்ளை இன்னொரு மூலையில். சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. கல்யாணம் ஆன முதல் வருடம் அப்படிப் போனதில் எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

அப்புறம் இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், அவர்தான் ஒரு பட்டியலைக் கொண்டுவந்தார். ரோலிங் ஸ்டோன் என்று இங்கே ஒரு பத்திரிகை. 2003-இல் இசைக்காரர்கள், விமர்சகர்கள் என்று பலரிடம் கேட்டு, சிறந்த ஆல்பங்கள் 500 என்று வரிசைப்படுத்தினார்கள். 2020-இல் மறுபடி பலரிடம் கேட்டுப் புதிதாகப் போட்டார்கள். ஆல்பம் என்றால், ஒரு பாடகர் சொல்ல நினைத்ததை எட்டோ பத்தோ பாட்டாக அடுக்கி ஒரே இசைத்தட்டில் தருவது. நமக்குத் தட்டு என்றால் படம். படத்தில் ஒரு பாட்டு ஹிட்டானால் நம் மைக் செட்டில் அதையே ராத்திரி முழுக்கப் போடச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள் இல்லையா? இங்கே முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அந்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

500-இலிருந்து ஆரம்பித்து ஒன்று வரை வருவது என்று முடிவு செய்தோம். 500-ஆவது எது தெரியுமா? கனடாவில் மாண்ட்ரியல் ஊர்க் குழு ஒன்று 2004-இல் போட்ட தட்டு. அதன் பெயரே ‘ஃபியூனரல்’. இறுதிச் சடங்கு! அதைப் பதிவு செய்த காலத்தில் குழுவில் இருந்தவர்கள் வீடுகளில் அடுத்தடுத்து சாவு விழுந்ததால் அந்தப் பெயர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் மைக் செட் எந்தப் பந்தலுக்குப் போனாலும் முதல் தட்டு பிள்ளையார் பாட்டுதானே. அதனால் அன்றைக்கு முதலில் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட்டு, பிறகுதான் அதைத் தொடங்கினோம். கேட்டால் அது அழுகைத் தட்டு இல்லை அப்பா. செத்தவர்களை நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் கூட்டமாக நின்று தொண்டை கிழியப் பாடுகிறார்கள். நம் ஊரில் சாவு வீட்டில் கொட்டு அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது புரியாதா?

விதிகள் மூன்று. போன் இரண்டும் அரிசி டப்பா மேலே இருக்க வேண்டும். பாட்டைத் தாண்டக் கூடாது. முடிந்ததும் நோட்டில் எழுத வேண்டும். நோட்டை நீங்கள் மைக் செட் கணக்கு எழுதுவது மாதிரியே கோடு போட்டு வைத்திருக்கிறேன்: தேதி, நம்பர், பெயர், அவர் ஒரு வரி, நான் ஒரு வரி. நீங்கள் ‘பாக்கி’ என்று எழுதும் கட்டத்தில், மறுபடி கேட்க வேண்டியதா இல்லையா என்று குறிக்கிறோம். வாரத்துக்கு நாலோ ஐந்தோ. இன்னும் 28 பாக்கி.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். காது அடைக்கிற கிடார்த் தட்டுகள் நிறைய. அவற்றுக்கு நோட்டில் தேதிக்கு மேல் ஒன்றும் இருக்காது. ராப் என்று வேகமாகப் பேசிக்கொண்டே பாடுவது ஒன்று. எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவருக்கு உடனே பிடித்தது. வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நாஸ் என்பவர் 1994-இல் நியூயார்க்கில் தன் குடியிருப்பைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, “டீக்கடை வாசலில் நின்று ஊர்க்கதை சொல்கிற மாதிரி இருக்கு” என்று எழுதினார். அதற்குப் பிறகு எனக்கும் வழி கிடைத்தது.

உங்களிடம் சொல்லியே ஆக வேண்டியது மைல்ஸ் டேவிஸ் என்ற ட்ரம்பெட்காரரின் தட்டு. ‘கைண்ட் ஆஃப் புளூ’. 1959-இல் நியூயார்க்கில், பழைய சர்ச் ஒன்றை ஸ்டுடியோவாக்கிய இடத்தில், இரண்டே நாளில் பதிவு செய்தது. முதல் நாள் ஓடிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டில் போடும்போது முதல் பக்கத்து மூன்று பாட்டும் சுருதி ஒரு மயிரிழை ஏறிக் கேட்கும். 1990-களில்தான் அதைச் சரிசெய்து வெளியிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே ஏறின சுருதியில் கேட்டிருக்கிறது. இதைப் படித்ததும் உங்கள் முகம்தான் வந்தது. ஜெனகை மாரியம்மன் திருவிழாவில் ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டு ஓடும்போது, யாருக்கும் தெரியாத நேரத்தில் “சுதி இறங்குதுடா” என்று சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்து ஓடுவீர்களே. நீங்கள் அந்தத் தட்டைக் கேட்டிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள். நிச்சயமாகச் சொல்வேன்.

ஜான் கோல்ட்ரேன் என்று சாக்ஸபோன்காரர் ஒருவர். 1964 டிசம்பர் 9-ஆம் தேதி, ஒரே அமர்வில் ‘எ லவ் சுப்ரீம்’ என்ற தட்டை வாசித்து முடித்தார். நாலு பகுதி. கடவுளுக்கு நன்றி சொல்லி அவரே எழுதிய ஒரு கவிதை தட்டின் உறையில் அச்சாகியிருக்கிறது. கடைசிப் பகுதியில் யாரும் பாடவில்லை. அவர் அந்த வார்த்தைகளைத்தான் அசை அசையாகச் சாக்ஸபோனில் வாசிக்கிறார். நாங்கள் வார்த்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுக்கொண்டே கேட்டோம். ஒவ்வொரு வரியும் வந்து பொருந்துகிறது. நம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாயனத்தைக் கேட்கும்போது “சாகித்யம் மனசில் ஓடாவிட்டால் இந்த மாதிரி ஊத முடியாது” என்பீர்கள். எனக்குப் பத்து வயதில் புரியாதது அன்றைக்குப் புரிந்தது. இதே கோல்ட்ரேன் 1965-இல் பிறந்த தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார், நம் ரவிசங்கர் நினைவாக.

ஒரு விஷயம் உங்களிடம் மறைத்துவிட்டேன். போன ஆடியில் உங்கள் மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. இங்கே எங்கள் விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் கெடு. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா தூங்காமல் கிடப்பாள் என்று சொல்லவில்லை. 52-ஆவது நாள் புது வேலை கிடைத்தது. இப்போது ஒரு கவலையும் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நாட்களிலும் பட்டியலை நிறுத்தவில்லை. ‘நெப்ராஸ்கா’ அப்போதுதான் வந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பெரிய பாடகர் 1982-இல் போட்டது. வாடகை வீட்டில், சாதாரண கேசட்டில் பதிகிற சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, தன்னந்தனியாகப் பாடி வைத்தார். குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரிதான் அது. உறைகூட இல்லாமல் அந்தக் கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். பிறகு குழுவோடு வாசித்துப் பார்த்தால் அந்தக் கேசட்டில் இருந்தது வரவில்லை. கடைசியில் கேசட்டையே தட்டாகப் போட்டுவிட்டார்கள். வேலை போனவன், கடன்பட்டவன், தப்பு செய்துவிட்டு ஓடுகிறவன், எல்லோரும் அதில் வருகிறார்கள். முடிந்த பிறகு உங்கள் மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசவில்லை. குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “இன்னொரு தடவை போடு” என்றார். அன்றைக்கு ராத்திரிதான் பயமாக இருக்கிறது என்று முதல்முறையாக என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். நோட்டில் அவர் வரி காலியாகவே இருக்கிறது. பாக்கிக் கட்டத்தில் மட்டும் டிக்.

அரீத்தா ஃபிராங்க்ளின் என்று ஒரு அம்மா. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். அவர் அப்பா இங்கே சர்ச்சில் பிரசங்கியார். மகள் பெரிய பாடகியாகி உலகம் சுற்றிய பிறகு, 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சர்ச்சில் இரண்டு ராத்திரி பக்திப் பாட்டுகள் பாடினார். அதுதான் ‘அமேசிங் கிரேஸ்’. இரண்டாம் நாள் அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். எழுந்து மகளைப் பற்றிப் பேசவும் செய்தார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 500-இல் பெரும்பகுதி அமெரிக்காவும் இங்கிலாந்தும்தான். மதுரையில் பிறந்து 1966-இல் ஐ.நா. சபையில் பாடிய எம்.எஸ். அதில் இல்லை. நம் பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜா இல்லை. 1986-இல் அவர் ‘ஹவ் டு நேம் இட்’ என்று தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மன் இசைமேதைக்கும் காணிக்கையாகப் படப்பாட்டே இல்லாத தட்டு ஒன்று போட்டாரே, கல்யாண வீட்டில் போட முடியாது என்று தெரிந்தும் நீங்கள் வாங்கி வைத்தது, அதைவிடவா இதில் பாதித் தட்டுகள் பெரியவை? அதனால் வெள்ளிக்கிழமை நம்முடையது. அதற்கு நம்பர் கிடையாது.

போன மாதம் டெட்ராய்ட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். மோட்டவுன் கம்பெனி தொடங்கிய வீடு. பெர்ரி கார்டி என்பவர் 1959-இல் குடும்பத்தார் சேர்ந்து போட்டு வைத்திருந்த சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. நீங்கள் சீட்டு எடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கதைதான். கார் நிறுத்துகிற ஷெட்டுதான் ஸ்டுடியோ. எதிரொலிக்காக மேல்கூரையில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே நின்று கை தட்டச் சொன்னார்கள். தட்டினேன். வைகைப் பாலத்துக்கு அடியில் நின்று நானும் தம்பியும் கூவுவோமே, அதே சத்தம் திரும்பி வந்தது.

பட்டியலில் ஒன்றாம் இடம் அந்த மோட்டவுன் தட்டுக்குத்தான். மார்வின் கே பாடிய ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, 1971. வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய தம்பி சொன்னதைக் கேட்டு மனம் நொந்து செய்தது. முதல் பாட்டை வெளியிடவே கம்பெனிக்காரர் தயங்கினார், வந்ததும் பிய்த்துக்கொண்டு போனது. அதன் பழைய எல்.பி. தட்டு ஒன்று இங்கே கடையில் கிடைத்தது, வாங்கிவிட்டேன். இப்போது என் மடியில் இருக்கிறது. உறைப் படத்தில் மார்வின் கறுப்பு மழைக்கோட்டு போட்டுத் தூறலில் நிற்கிறார், காலரில் ஈரம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. உறையைத் திறந்தால் வாசித்தவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. அந்த ஷெட்டில் வருடக்கணக்காக எத்தனையோ ஹிட் பாட்டுக்கு வாசித்தவர்களுக்கு, அந்தக் கம்பெனி அவர்கள் பெயரைப் போட்ட முதல் ஆல்பம் இதுதான். “பாடினவன் பேரு இருக்கு, புல்லாங்குழல் வாசிச்சவன் பேரு எங்கே?” என்று நீங்கள் தட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஞாபகம் வந்தது.

இதை நாங்கள் இன்னும் கேட்கவில்லை. ஒரு வரிகூட. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வந்துவிடுவோம், அதற்குள் மற்றது முடிந்துவிடும். இதை மட்டும் அங்கே கேட்கலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் பந்தலில் இருக்கும் ராத்திரிகளில் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை வைத்து இன்றைக்குத் தென்கரையா முள்ளிப்பள்ளமா என்று சொல்லிவிடுவாள். கடைசித் தட்டு கேட்டதும் அரை மணி கணக்குப் பண்ணித் தோசைக்கல்லைப் போடுவாள். ஊருக்கே பாட்டுப் போட்டீர்கள். அம்மாவும் நீங்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு முழுத் தட்டைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. இங்கே இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு அது உறுத்துகிறது.

பரணில் இருக்கும் பிளேயரை இறக்கித் துடைத்து வையுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் கேட்டுப் பாருங்கள். முள் தேய்ந்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், இங்கிருந்து வாங்கி வருகிறேன். குழாய் வேண்டாம், வீட்டு ஸ்பீக்கர் போதும். முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் இது. ஒரு பக்கத்துக்குள் பாட்டும் பாட்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஓடுமாம், நடுவில் முள்ளை எடுக்க வேலை இருக்காது. அதனால் முள்ளை வைத்துவிட்டு நீங்கள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். தட்டைத் திருப்பிப் போட நான் எழுந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பாப்பா