கேப் எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலந்தாவளம் பக்கம் கடலையும் கரும்பும் போடுகிறவன் நான். அப்பா காலத்து இரட்டைக்குழல் 12 போர் (போர் என்பது குழலின் அளவு) துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை பற்றி நீங்கள் அடிக்கடி செய்தி போடுகிறீர்கள், ஆனால் சுடப் போகிறவன் கையில் இருக்கும் தோட்டாவைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.

2022-ல் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது, லைசன்ஸ் துப்பாக்கிதான். சரி, தோட்டா எங்கே? கடை தூரம், விலையும் கூட. அதனால் சிலர் வெடித்த தோட்டாக் கூட்டையே எடுத்து, அதன் அடியில் இருந்து மருந்துக்குத் தீ மூட்டும் பழைய கேப்பைத் தட்டிவிட்டு, கைக்குக் கிடைத்த வேறு கேப்பைப் போட்டு வெடிமருந்து நிரப்புகிறார்கள். கேப் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள்.

ஒன்று இல்லை. கேப்பில் 209 என்பது அளவின் பெயர்தான். பல கம்பெனிகள் அந்த அளவில் கேப் செய்கின்றன, எல்லாம் கூட்டுக்குள் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஒவ்வொன்றும் கக்கும் தீயின் சூடு வேறு. வெளிநாடுகளில் முறையாக நிரப்புகிறவர்கள் கூடு, மருந்து, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு, ஈயக்குண்டின் எடை, கேப் எல்லாவற்றையும் சோதித்த பட்டியலில் உள்ளபடியே போடுவார்கள், கேப்பை மட்டும் மாற்றினாலும் அது வேறு தோட்டா ஆகிவிடும். 2¾ அங்குல 12 போர் தோட்டாவுக்கு அமெரிக்க அளவுகோல்படி அதிகபட்சம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு அழுத்தம்தான், சூடான கேப் அதைத் தாண்ட வைக்கும். நம் வீடுகளில் உள்ள சில பழைய துப்பாக்கிகள் அந்த அளவைக்கூடத் தாங்காது. மந்தமான கேப் இன்னும் மோசம். மருந்து பாதி எரிந்து, அடைப்பு குழலிலேயே சிக்கிக்கொள்ளும், பன்றி ஓடுகிற அவசரத்தில் அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும்.

மூன்று வருஷம் முன்னால் என் மச்சான் விசையை இழுத்தார், 'டிக்' என்று மட்டும் கேட்டது. குழலைத் தாழ்த்தித் திறக்கப் போன நேரத்தில் வெடித்து, குண்டு வரப்பில் இறங்கியது, பக்கத்தில் நான்தான் நின்றேன். ஈரம் பட்ட பழைய கேப். வெடிக்காவிட்டால் குழலை ஆள் இல்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிஷத்துக்குக் குறையாமல் நில்லுங்கள், பன்றி போனால் போகட்டும்.

இன்னொன்று, 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களும் தோட்டாவாகவே கணக்கு. உற்பத்தி லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் தோட்டா செய்வது குற்றம், பன்றி சுட வாங்கிய லைசன்ஸ் அதற்குச் செல்லாது.

பன்றியைச் சுடச் சொல்லும் பஞ்சாயத்து, அந்த உத்தரவோடு புதுத் தோட்டாவுக்கும் வழி செய்ய வேண்டும். புனே அருகே கட்கி தொழிற்சாலையில் அரசே 12 போர் தோட்டா செய்கிறது, அதை நேராக வரவழைத்து உத்தரவு பெற்றவர்களுக்குக் கொடுக்கலாமே. அப்புறம், பழையதைத் திருப்பி வாங்கவும் ஓர் இடம் வேண்டும். என் பெட்டியில் ஏழு தோட்டா கேப்பில் களிம்பு ஏறிக் கிடக்கின்றன, எங்கே ஒப்படைக்க என்று அதிகாரிகள் சொன்னால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்