டூப்ளிகேட்டர் பேப்பர் இழுக்கவில்லையா?

எல்லோருக்கும் வணக்கம். நம் பழைய ஸ்டென்சில் டூப்ளிகேட்டர் (நிறையப் பிரதி அச்சடிக்கும் மெஷின்) மழை தொடங்கியதும் மக்கர் செய்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்.

தாளே உள்ளே போகவில்லை என்றால் பெரும்பாலும் ரப்பர் ரோலர்தான் காரணம். பேப்பர் தூசி படிந்து வழவழவென்று ஆகியிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, ரோலரைக் கையால் உருட்டி உருட்டித் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். துடைத்துக் காய்ந்த பிறகும் விரல் வழுக்கினால் ரோலர் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு மூன்று தாள் சேர்ந்து போனால் ரோலருக்குக் கீழே உள்ள, தாள்களைப் பிரிக்கும் சின்ன 'பேட்' (pad) பகுதியையும் துடையுங்கள். அப்புறம் தாள் கட்டை விசிறிப் பிரித்து, ஓரம் தட்டி வையுங்கள். மிச்சத் தாளின் மேல் புதுக்கட்டை அப்படியே அடுக்காதீர்கள். பக்கத் தடுப்புகள் தாளைத் தொட்டால் போதும், நெருக்கக் கூடாது. தடித்த அட்டை ஓட்டியவர்கள் அழுத்த லீவரைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுப் போங்கள், தயவுசெய்து!

தாள் டிரம்மில் (மை தடவும் உருளையில்) ஒட்டிச் சுற்றிக்கொண்டால் அது வேறு கதை. மூலப் பிரதியின் மேல் ஓரத்தில் கறுப்பு அதிகமாக இருப்பதுதான் காரணமாக இருக்கும். அந்த ஓரத்தில் அரை சென்டிமீட்டராவது வெற்றிடம் விட்டு மறுபடி மாஸ்டர் (அச்சடிக்கும் ஸ்டென்சில்) எடுங்கள்.

பிரித்த பேப்பர் கட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி பீரோவில் வைக்கவும்.