கையால் கட்டிய இனிட்ராம்எஃப்எஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உன் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று சொன்னதும் அம்மா படம் கேட்டார்கள், மறக்காமல் அனுப்பு. எனக்கு முட்டி வலி குறைந்துவிட்டது, மாலையில் கொஞ்ச தூரம் நடக்கிறேன்.

சரி, நீ எழுதியிருந்த விஷயம். லினக்ஸின் மையமான கர்னலில் ஒரு வரி மாற்றினாலும் முழு உபுண்டுவையும் மெய்நிகர் கணினியில் ஏற்றிப் பார்க்கிறாயே, அதை விட்டுவிடு. நீ சோதிப்பது கர்னலை. அதற்குக் கட்டளை வாங்கும் ஒரு ஷெல்லும் நான்கைந்து கட்டளைகளும் போதும், அவற்றை இனிட்ராம்எஃப்எஸ்-இல், அதாவது கர்னல் தொடங்கும்போது நினைவகத்தில் ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்பில் வைத்துவிடலாம். ஸ்டேட்டிக்காக, அதாவது வெளி லைப்ரரி எதுவும் தேவைப்படாதபடி கம்பைல் செய்த பிஸிபாக்ஸை (பல கட்டளைகள் அடங்கிய ஒரே நிரல்) ஒரு ஃபோல்டரில் போட்டு, பக்கத்தில் கர்னல் முதலில் ஓட்டும் இனிட் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, கோப்புகளை ஒரே ஆர்கைவாகக் கட்டும் சிபிஐஓ-வில் நியூசி வடிவத்தில் கட்டி ஜிஜிப்பால் சுருக்கினால் இமேஜ் தயார், சில மெகாபைட்டைத் தாண்டாது. இதற்கு முந்தைய முறையான இனிட்ஆர்டி போல இதற்குள் ஈஎக்ஸ்டி2 மாதிரி கோப்பு முறைமை எதுவும் வேண்டாம், கர்னலே ஆர்கைவை நினைவகத்தில் பிரித்து வைத்துக்கொள்ளும்.

நான் ஒரு இரவு முழுக்க மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். ரூட்டை (முதன்மைக் கோப்பு முறைமையை) மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க முடியவில்லை என்று கர்னல் பேனிக் ஆகி விழுந்துகொண்டே இருந்தது. டிரைவர், கான்ஃபிக் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஆர்கைவில் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டால், ஃபோல்டருக்கு வெளியே நின்று கட்டியிருக்கிறேன், இனிட் ஒரு படி உள்ளே போய்விட்டது! கர்னல் அதை உச்சியில் தேடும், இல்லையென்றால் வழக்கமான வட்டை மவுண்ட் செய்யக் கிளம்பிவிடும். அதனால் எப்போதும் ஃபோல்டருக்குள் போய் நின்று கட்டு. இன்னொன்று, இனிட் கண்ணெதிரே இருக்கும்போதே பிழை எண் -2 வரும். அதற்குக் கோப்பு இல்லை என்று பொருள், ஆனால் இல்லாதது இனிட் அல்ல, அதன் முதல் வரியில் இருக்கும் ஷெல்லோ, டைனமிக்காகக் கட்டிய நிரல் தன் லைப்ரரிகளை ஏற்றத் தேடும் லோடரோதான். ஸ்டேட்டிக் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஸ்கிரிப்டில் பிராக், சிஸ் (கர்னலின் தகவல்களைக் காட்டுபவை), டெவ்டிஎம்பிஎஃப்எஸ் (சாதனக் கோப்புகள் கொண்டது) மூன்றையும் நீயே மவுண்ட் செய்ய வேண்டும். கர்னல் கான்ஃபிக்கில் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் தானாக மவுண்ட் ஆகும் என்று ஒரு விருப்பம் உண்டு, இனிட்ராம்எஃப்எஸ்-க்கு அது பொருந்தாது. ஸ்கிரிப்ட் முடிந்து வெளியேறினாலும் பேனிக்தான், ஆகவே கடைசி வரியில் எக்ஸெக் போட்டு ஸ்கிரிப்டின் இடத்திலேயே ஷெல்லை ஓட்டு, இல்லை பவர்ஆஃப் செய். மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமுவில் கன்சோலை டிடிஒய்எஸ்0 என்ற சீரியல் போர்ட்டுக்குத் திருப்பி, பேனிக் மதிப்பை -1 (உடனே ரீபூட்) ஆக்கி, ரீபூட் வேண்டாம் என்ற தேர்வையும் கொடுத்தால், கர்னல் விழுந்த உடனே கியூஎமு தானாக வெளியேறிவிடும். அப்புறம் பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்டை ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், எனக்கு இதில்தான் மனசு நிறைந்தது.

இன்றிரவே கட்டிப் பார். மாட்டிக்கொண்டால் சீரியல் லாக்கின் கடைசி 20 வரிகளை அப்படியே அனுப்பு, நான் விழித்துதான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்